கரண்ட் போனால் ராஸ்பெரி பை என்ன செய்யும்? குட்டிக் கணினிக்கு பேட்டரி பேக்கப், அரிச்சுவடியிலிருந்து

போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம். பக்கத்தில் எங்கோ இடி இறங்கிய சத்தம் கேட்டது. கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது, எல்லாம் ஒரே நிமிடத்துக்குள். ஃபேன் சுற்றியது, டியூப்லைட் கண் சிமிட்டி எரிந்தது, ரவுட்டரும் எழுந்துவிட்டது. பரணில் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஸ்பெரி பை மட்டும் எழவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு அசையவே இல்லை. இறக்கிப் பார்த்தால் போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மெமரி கார்டுதான் போய்விட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று எட்டு மாதமாக அதில் எழுதி வைத்திருந்தேன், அதுவும் சேர்ந்து போனது. கார்டு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அந்தக் கணக்கை எங்கே வாங்குவது?

அதற்கப்புறம்தான் பேட்டரி பேக்கப் பற்றி ஒழுங்காகப் படித்தேன், இரண்டு முறை தப்பாகவும் செய்தேன். புதிதாக ஒரு குட்டிக் கணினி வாங்கியிருப்பவர்களுக்கு உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன். மின்னணுவியல் படித்திருக்கத் தேவையில்லை, வோல்ட் ஆம்பியர் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருந்தால் போதும்.

சிங்கிள் போர்டு கணினி என்பது பிராசசர், ரேம், யூஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும் முழுக் கணினி. 2012 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து வந்த ராஸ்பெரி பைதான் இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். (எங்கள் வீட்டில் 'பை' என்றாலே அம்மா 'எந்தப் பை, மஞ்சப் பையா?' என்பார்.) ஃபோனிலும் லேப்டாப்பிலும் உள்ளேயே பேட்டரி இருப்பதால், கரண்ட் போனால் கணினி பொத்தென்று விழும் என்பதையே நாம் மறந்துவிட்டோம். பையில் பேட்டரி கிடையாது. 2023-ல் பை 5 என்ற மாடல் வரும்வரை அதற்கு பவர் பட்டன்கூடக் கிடையாது. ஒயரைச் செருகினால் எழும், பிடுங்கினால் விழும், அவ்வளவுதான்.

மெமரி கார்டு ஏன் சாகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மீதி சுலபம். கார்டின் உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் ஒரு வரியை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. அழிப்பதென்றால் ஒரு பெரிய கட்டம் முழுவதையும்தான் அழிக்க முடியும். பழைய மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர், பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது என்பதற்காக, ஒரு வரி மாறினாலும் அந்தப் பக்கம் முழுவதையும் புதுத் தாளில் பார்த்து எழுதி, முகப்புப் பட்டியலில் 'இனி இந்தக் கணக்கு இந்தப் பக்கத்தில்' என்று மாற்றிவிட்டு, அப்புறம் பழைய தாளைக் கிழித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்குள் இருக்கும் சின்னச் சில்லு நாள் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான். புதுத் தாள் பாதியில் இருக்கும்போது விளக்கு அணைந்தால் ஒரு பக்கத்தோடு போகும். முகப்புப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால், நீங்கள் பல மாதமாகத் தொடாத ஃபைல்கள்கூட எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் தன் பக்கத்துக்குக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொண்டு பாதியில் நின்ற வேலைகளைச் சரிசெய்யும், உண்மைதான். ஆனால் கார்டின் சொந்த முகப்புப் பட்டியல் லினக்ஸின் கண்ணுக்கே தெரியாது.

ஒவ்வொரு மின்தடையிலும் கார்டு செத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. நூறு முறை தப்பிக்கும். என் வீட்டில் நடந்த மாதிரி போய்ப் போய் வரும் கரண்ட்தான் ஆபத்து, ஏனென்றால் பூட் ஆகும்போதுதான் பழைய கோளாறைச் சரிபார்ப்பது, லாக் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) எழுதுவது என்று கார்டில் எழுத்து வேலை நிறைய நடக்கும். சரியாக அந்த நேரத்தில் மறுபடி அடி விழுகிறது.

இப்போது ஒரு கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: கரண்ட் இல்லாத நேரம் முழுவதும் பை ஓட வேண்டுமா, அல்லது ஒழுங்காக ஷட்டவுன் ஆகும் அளவுக்கு ஓடினால் போதுமா? ஆரம்பத்தில் எல்லோரும் 'எத்தனை மணி நேரம் தாங்கும்' என்றுதான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். எவ்வளவு பெரிய பேட்டரி போட்டாலும் ஒரு நாள் அது தீரும். தீரும் அந்த நொடியில் பை பொத்தென்று விழுந்தால், மூன்று மணி நேரம் தள்ளி அதே விபத்து. ஆகவே பேட்டரி எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது கேள்விதான். கரண்ட் போகும்போது இடைவெளியே இல்லாமல் பேட்டரிக்கு மாற வேண்டும், பேட்டரியில் ஓடுகிறோம் என்பது பைக்குத் தெரிய வேண்டும், கரண்ட் வந்ததும் பை தானாக எழ வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அது பேக்கப். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பவர் பேங்க். சார்ஜரை பவர் பேங்கில் செருகு, பவர் பேங்கிலிருந்து பைக்கு ஒயர் கொடு, முடிந்தது. சில பவர் பேங்குகளில் இது வேலை செய்யும். பலவற்றில் சார்ஜர் பக்கம் கரண்ட் போகும்போதோ வரும்போதோ வெளியே போகும் மின்சாரம் ஒரு கணம் அறுந்து மறுபடி வரும். ஃபோனுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஃபோனுக்குள் பேட்டரி இருக்கிறது. பை ரீபூட் ஆகிவிடும். அதாவது, கரண்ட் போனதால் விழ வேண்டிய பை, பவர் பேங்க் புண்ணியத்தில் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் விழும். இன்னொரு சிக்கல், இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் 'ஃபோன் சார்ஜ் ஆகிவிட்டது போல' என்று நினைத்துத் தானே அணைந்துவிடும் பவர் பேங்குகள் உண்டு; பை ஜீரோ மாதிரிச் சின்ன போர்டு வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். கையில் ஏற்கெனவே ஒரு பவர் பேங்க் இருந்தால் சோதித்துப் பாருங்கள், காசா பணமா: பை ஓடும்போது சுவர் சுவிட்சை இருபது முறை அணைத்துப் போடுங்கள், ஒருமுறைகூட ரீபூட் ஆகவில்லை என்றால் முதல் தேர்வில் பாஸ். இரண்டாவது தேர்வில் கண்டிப்பாக ஃபெயில் ஆகும், ஏனென்றால் 'இப்போது பேட்டரியில் ஓடுகிறாய்' என்று பையிடம் சொல்ல சாதாரண பவர் பேங்குக்கு வாயே கிடையாது.

'எங்கள் வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே' என்பவர்களுக்கு: நல்லது, ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஃபேனும் லைட்டும் அதைப் பொருட்படுத்தாது. பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் பல இன்வெர்ட்டர்களில் இருக்கும், அதில் போட்டால் மாற்றம் வேகமாக நடக்கும். பையின் அடாப்டருக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர் அந்தச் சில மில்லி செகண்டைத் தாங்கிவிடும். பல வீடுகளுக்கு அதுவே போதும். ஆனாலும் இன்வெர்ட்டர் பேட்டரி வயதாகி நடு ராத்திரியில் படுக்கும்போது பையிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பேட்டரி அளவைப் பார்க்கும்போது மில்லி ஆம்பியர்-ஹவரை மறந்துவிட்டு வாட்-ஹவரில் (ஒரு வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு) யோசியுங்கள். 10,000 என்று பெரிய எழுத்தில் போட்ட பவர் பேங்கில் அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது. பெருக்கினால் 37 வாட்-ஹவர். பைக்கு வேண்டியது 5 வோல்ட். ஏற்றும்போது கொஞ்சம் சூடாக வீணாகும், கடைசியில் 5 வோல்ட்டில் கைக்குக் கிடைப்பது ஆறாயிரத்துச் சொச்சம்தான். பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் அதுவும் எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள்.

செலவுப் பக்கம்: பை 4 சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட், முழு மூச்சில் ஓடும்போது அதைப்போல இரண்டு மடங்கு. யூஎஸ்பியில் ஒரு ஹார்டு டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ தொங்கினால் அதையும் சேர்க்க வேண்டும். பை ஜீரோ 2 சும்மா இருந்தால் ஒரு வாட்டைக்கூடத் தொடாது. என் பை 4-ம் எஸ்எஸ்டியும் சேர்ந்து 5 வாட் என்று வைத்தேன். 2600 மில்லி ஆம்பியர்-ஹவர் செல் இரண்டு, ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் என்றால் ஒன்றுக்கு 9.4, இரண்டுக்கும் சேர்த்து சுமார் 18.7 வாட்-ஹவர். மாற்றும்போது வீணாவது போக 85 விழுக்காடு என்று எடுத்தால் 16. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை ஷட்டவுனுக்கு ஒதுக்கி வைத்தால் 12.7. ஐந்தால் வகுத்தால் இரண்டரை மணி நேரம். மழைக்கால விட்டு விட்டு வரும் கரண்ட்டுக்கு இது தாராளம், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போய் மத்தியானம் 2 மணிக்கு வரும் நாளுக்குப் போதாது. போதாவிட்டால் பரவாயில்லை, ஒழுங்காகப் படுத்து எழுந்தால் சரி. இங்கே ஒரு சின்ன வேடிக்கை: பையை மட்டும் உயிரோடு வைத்துவிட்டு ரவுட்டரை மறந்துவிடுவோம். ரவுட்டர் இல்லாத பை கதவடைத்த கடைக்குள் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் மாதிரி, யாருக்கும் பிரயோஜனமில்லை. ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாகவே கடைகளில் கிடைக்கிறது.

அடுத்தது யூபிஎஸ் போர்டு, அதாவது பைக்கான பேட்டரி பேக்கப் அட்டை, அதற்குள் என்ன நடக்கிறது என்பது. லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட், காலியாகும்போது சுமார் 3. பைக்கு வேண்டியது 5 வோல்ட், இன்னும் சரியாகச் சொன்னால் 5.1. ஆக, செல்லின் மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்க ஒரு பூஸ்ட் சர்க்யூட், செல்லை நிரப்ப ஒரு சார்ஜர், அளவுக்கு மீறி நிரம்பாமலும் காலியாகாமலும் காக்க ஒரு காவல்காரச் சில்லு. இந்த மூன்றும் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சில்லறை விலைக்குக் கிடைக்கும். டிபி4056 என்ற சார்ஜர் போர்டும் ஒரு பூஸ்ட் போர்டும் வாங்கி, நடுவில் செல்லை வைத்து ஒட்டினால் யூபிஎஸ் தயார் என்று நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. நான் செய்த முதல் தப்பு இதுதான். முதல் நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கரண்ட் இருக்கும்போதே பை அணைந்துவிட்டது.

காரணம் எளிய கணக்கு. அந்தச் சார்ஜர் தருவது அதிகபட்சம் 1 ஆம்பியர், செல்லின் மின்னழுத்தத்தில். சும்மா இருக்கும் பை 4-க்கு 3 வாட் கொடுக்க, வீணாவதையும் சேர்த்து செல் பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 0.95 ஆம்பியர் உருவப்படுகிறது. வரவு 1, செலவு 0.95. பை கொஞ்சம் வேலை செய்து 6 வாட் கேட்டால் செலவு 1.9. அதாவது கரண்ட் இருக்கும்போதே பேட்டரி கரைகிறது. அதைவிட நுணுக்கமான பிரச்சினை, செல் நிரம்பிவிட்டதா என்று அந்தச் சார்ஜர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில் இருக்கிறது: போகும் கரண்ட் 1 ஆம்பியரிலிருந்து அதன் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பக்கத்திலேயே பை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அந்தக் கரண்ட் இறங்கவே இறங்காது, சார்ஜரும் நிறுத்தாது, செல் எப்போதும் திணிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

நல்ல யூபிஎஸ் போர்டில் இதற்கு மாற்றாக ஒரு ஏற்பாடு உண்டு, பவர் பாத் என்பார்கள். இதைப் புரிந்துகொள்ள மாடித் தொட்டியைப் பார்த்தால் போதும். தெருக் குழாயில் தண்ணீர் நல்ல வேகத்தில் வரும்போது சமையலறைக் குழாய்க்கு நேராகவே வருகிறது, மிஞ்சுவது தொட்டிக்கு ஏறுகிறது. தெருவில் தண்ணீர் நின்றதும் தொட்டியிலிருந்து அதே குழாய்க்கு இறங்குகிறது. தொட்டித் தண்ணீர் திரும்பித் தெருவுக்கு ஓடிவிடாமல் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. குழாயைத் திறந்து வைத்திருப்பவருக்கு எப்போது எது வந்தது என்றே தெரியாது. பவர் பாத் உள்ள போர்டில் அடாப்டர் இருக்கும்வரை பைக்கு அடாப்டரிலிருந்து நேராகப் போகும், செல்லுக்குத் தனிக் கிளை. வால்வின் வேலையை டயோடோ மாஸ்ஃபெட்டோ பார்க்கும். போர்டு வாங்கும்போது 'சார்ஜ் ஆகும்போதே லோடு ஓட்டலாமா, எத்தனை ஆம்பியர் வரை' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். அடாப்டரும் அதற்கேற்றபடி பெரிதாக இருக்க வேண்டும், பைக்கும் கொடுத்து செல்லையும் நிரப்புகிற அளவுக்கு.

பையின் தலைமேல் தொப்பி மாதிரி உட்காரும் அட்டைகளை ஹேட் என்கிறார்கள். யூபிஎஸ் ஹேட்கள் பலவும் பையின் நாற்பது ஊசிகளில் இருக்கும் 5 வோல்ட் ஊசி வழியாக மின்சாரம் கொடுக்கும். அப்படிப்பட்டதை மாட்டினால் பையின் சொந்த யூஎஸ்பி துளையில் அடாப்டரைச் செருகாதீர்கள், அடாப்டர் யூபிஎஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் கொடுத்தால் இரண்டு மூலமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பை 5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அது 5 ஆம்பியர் தரக்கூடிய அடாப்டரை எதிர்பார்க்கும், 3 ஆம்பியர் மூலம் என்று தோன்றினால் யூஎஸ்பி துளைகளுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியர்தான் தரும். எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போனால் அங்கே தேடுங்கள்.

ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை. பையில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறைந்த மின்னழுத்தம் என்று எச்சரிக்கை வரும், திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் படம் தெரியும். யூபிஎஸ்ஸில் அளந்தால் 5.1 இருக்கிறதே, அப்புறம் ஏன் மின்னல்? மெல்லிய ஒயர். தலைமுடி மாதிரி இருக்கும் 28 கேஜ் செம்பு ஒரு மீட்டர் போய் ஒரு மீட்டர் திரும்பினால், 2 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தின்றுவிடும். 20 கேஜ் என்றால் 0.13 தான். குட்டையான, தடித்த ஒயர் போடுங்கள், பாதிப் புகார்கள் தீரும்.

செல் வாங்கும் கதைக்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 18650 என்பது 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் நீளம் கொண்ட உருளை, பழைய லேப்டாப் பேட்டரிகளுக்குள் இருப்பது. நல்ல செல்லில் பொதுவாக 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர்-ஹவர் வரை இருக்கும். 9900 என்று அச்சிட்டு நூறு ரூபாய்க்கு விற்றால் அது செல் அல்ல, சிறுகதை. வீட்டில் சமையல் தராசு இருந்தால் எடை பாருங்கள்: நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், 30 கிராம்தான் என்றால் உள்ளே பாதி காற்று. லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த பழைய செல்லைப் போடும் ஆசை எனக்கும் வந்தது. ஒரு வருடம் ஆளில்லாத பரணில் ஓடப்போகும் பொருளுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் இணையாகப் போடும்போது இரண்டும் ஒரே மாடல், ஒரே வயது, ஒரே மின்னழுத்தம் இருக்க வேண்டும். ஹோல்டரில் கூட்டல் கழித்தலை மாற்றிப் போட்டால் பல போர்டுகள் அந்த நொடியே புகைந்துவிடும், சின்ன எழுத்தில்தான் குறித்திருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் சூடு. லித்தியம் அயன் செல்லை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல. சித்திரை மாத மத்தியானம், கான்கிரீட் தளத்துக்குக் கீழே பரணில், மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பையின் சூட்டுக்குப் பக்கத்தில் என்று யோசித்துப் பாருங்கள். நான் இப்போது யூபிஎஸ்ஸைப் பரணிலிருந்து இறக்கி, காற்று வரும் அலமாரித் தட்டில் துணியோ பேப்பரோ பக்கத்தில் இல்லாமல் வைத்திருக்கிறேன். சூட்டைப் பற்றிக் கவலை இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை செல் இருக்கிறது: 3.2 வோல்ட், அதே அளவுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரம், ஆனால் எளிதில் தீப்பிடிக்காது, பல மடங்கு அதிக முறை சார்ஜ் செய்யலாம். அதற்கு 3.65 வோல்ட்டில் நிறுத்தும் தனிச் சார்ஜர் வேண்டும், 4.2 வோல்ட் சார்ஜரில் போடக்கூடாது. எடை பிரச்சினை இல்லை, நாள் முழுக்க ஓட வேண்டும் என்பவர்களுக்கு யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியும், 12-ஐ 5 ஆகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டரும் இன்னும் நம்பகமான பழைய வழிதான், எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும்.

இப்போது பைக்கு எப்படிச் சொல்வது? நல்ல ஹேட்களில் இரண்டு வழி இருக்கும். அடாப்டர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு ஜிபிஐஓ ஊசியின் (அந்த நாற்பதில் நிரல் படிக்கக்கூடிய ஊசி) மின்னழுத்தத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டுவது ஒன்று. ஐ2சி என்ற இரண்டு ஒயர் பேச்சு வழியாக செல்லின் மின்னழுத்தத்தையோ மிச்சமிருக்கும் விழுக்காட்டையோ சொல்வது இன்னொன்று. பையில் ஒரு சின்ன பைத்தான் நிரல் பத்து நொடிக்கு ஒருமுறை இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கரண்ட் போன உடனே ஷட்டவுன் செய்யாதீர்கள், பல மின்தடைகள் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. என் நிரல் சொல்வது இவ்வளவுதான்: கரண்ட் போய் இரண்டு நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் புகைப்படங்களைக் காப்பி எடுத்து வைப்பது மாதிரிப் பெரிய வேலைகளை நிறுத்து, செல் 3.4 வோல்ட்டுக்குக் கீழே தொடர்ந்து மூன்று முறை தெரிந்தால் ஷட்டவுன் செய். மூன்று முறை எதற்கு என்றால், பை திடீரென்று அதிகமாக இழுக்கும்போது செல்லின் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து மறுபடி ஏறும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. 3.4 எதற்கு என்றால், ஷட்டவுன் எப்போதும் பத்து நொடியில் முடியாது. ஏதாவது ஒரு சேவை முரண்டு பிடித்தால் லினக்ஸ் வழக்கமாக 90 நொடி வரை அதற்காகக் காத்திருக்கும். காவல்காரச் சில்லு 2.4 வோல்ட் பக்கம் போய்த்தான் வெட்டும், அதை நம்பி உட்கார்ந்தால் செல்லின் ஆயுளும் போகும், கார்டும் போகும்.

இனி நான் செய்த இரண்டாவது தப்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போயிருக்கிறது, பேட்டரி குறைந்ததும் பை சமர்த்தாக ஷட்டவுன் ஆகியிருக்கிறது, அடுத்த பதினைந்து நிமிடத்தில் கரண்ட்டும் வந்துவிட்டது. நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் யூபிஎஸ் பச்சையாக எரிகிறது, ரவுட்டர் எரிகிறது, பை மட்டும் அசந்து தூங்குகிறது. யோசித்தால் இதில் தப்பு பையின் மேல் இல்லை. ஷட்டவுன் ஆன பை எழ வேண்டுமென்றால் 5 வோல்ட் ஒருமுறை முழுதாக அறுந்து மறுபடி வர வேண்டும். பேட்டரிதான் தீரவில்லையே, 5 வோல்ட் அறுபடவே இல்லை. கரண்ட் திரும்பி வந்த செய்தியைத் தூங்குபவரிடம் சொல்ல ஆள் இல்லை. பேட்டரியே இல்லாமல் இருந்திருந்தால் பை எழுந்திருக்கும்!

இதற்கு வழி, பை ஷட்டவுன் ஆன பிறகு சில நொடி பொறுத்து யூபிஎஸ்ஸே 5 வோல்ட்டை வெட்டிவிட வேண்டும், அடாப்டரில் கரண்ட் வந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும். ஷட்டவுன் பாதியில் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டாலும், வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஹேட்கள் விலை கொஞ்சம் கூட, விளம்பரத்தில் 'ஆட்டோ பவர் ஆன்' என்று இருக்கும். அந்த வசதி இல்லாத போர்டு உங்களிடம் இருந்தால், பையின் ஜிபிஐஓ 3 என்ற ஊசியை ஒரு கணம் கிரவுண்ட் ஊசியோடு தொடவைத்தால் பை 4 வரைக்கும் தூக்கத்திலிருந்து எழும்; கரண்ட் வந்ததும் அதைச் செய்ய ஒரு குட்டி ரிலேயோ மைக்ரோகன்ட்ரோலரோ போடலாம், அந்த ஊசியை ஐ2சி பயன்படுத்தவில்லை என்றால். நான் சோம்பேறி, ஹேட்டை மாற்றிவிட்டேன். இன்னொன்று, தூங்கும் பையும் சாப்பிடும்: பை 5 முதலில் வரும் அமைப்பிலேயே இருந்தால் ஷட்டவுன் ஆன பிறகும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கும், முழுதாக அணையச் சொல்லும் அமைப்பை பூட்லோடரில் (பையை எழுப்பும் முதல் நிரல்) மாற்ற வேண்டும்.

கடிகாரம் பற்றிச் சுருக்கமாக: பை 4 வரைக்கும் போர்டில் கடிகாரம் கிடையாது, நெட்டில் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். கரண்ட் வந்து பை எழுந்து, ரவுட்டர் இன்னும் எழவில்லை என்றால் அதுவரை எழுதும் கணக்கில் நேரம் தப்பாக இருக்கும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை மாட்டினால் தீர்ந்தது. பை 5-ல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, அதற்கான குட்டி பேட்டரியை மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

பேட்டரியே வேண்டாம் என்றால்? ஷட்டவுனுக்கு மட்டும் அரை நிமிடம் போதுமென்றால் சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கிறது. 2.7 வோல்ட் 25 ஃபாரட் இரண்டைத் தொடராக இணைத்தால் 12.5 ஃபாரட், 5.4 வோல்ட். அது 3 வோல்ட் வரை இறங்க விட்டால் கிடைப்பது சுமார் 126 ஜூல், வீணாவது போக 3 வாட் பைக்கு முப்பது நொடிச் சொச்சம். முரண்டு பிடிக்கும் சேவைக்கு லினக்ஸ் காத்திருக்கும் நேரத்தையும் குறைத்து வைத்தால்தான் அதற்குள் முடியும். சூடு பயமில்லை, வருடக்கணக்கில் உழைக்கும். அல்லது எதுவுமே வாங்காமல், பையின் அமைப்பு மெனுவில் ஓவர்லே என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கார்டில் எதுவுமே எழுதப்படாது, எல்லாம் ரேமில்தான். திரையில் அறிவிப்பு காட்டுவதற்கு மட்டும் பை வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், யூபிஎஸ் வாங்கும் காசு மிச்சம். என்னை மாதிரி எதையாவது சேமிக்க வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது.

எதைப் போட்டாலும் நம்புவதற்கு முன் சோதியுங்கள். சுவர் சுவிட்சை அணைத்து உடனே போடுவது, இரண்டரை நிமிடம் கழித்துப் போடுவது, ஷட்டவுன் நடந்துகொண்டிருக்கும்போதே போடுவது, ஷட்டவுன் முடிந்து பத்து நிமிடம் கழித்துப் போடுவது, பேட்டரி முழுதாகத் தீரும் வரை விடுவது. இந்த ஐந்திலும் பை தானாக எழுந்து வந்தால்தான் அதன் நிரந்தர இடத்துக்கு அனுப்பலாம். மூன்றாவது சோதனைதான் பெரும்பாலான போர்டுகளின் வண்டவாளத்தைக் காட்டும், அதை மட்டும் நான்கைந்து முறை செய்யுங்கள். செல் ஒன்றிரண்டு வருடத்தில் தளரும், அதனால் நான் ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை என்று சுவிட்சை அணைத்துவிட்டு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று டப்பாவின் மேலேயே பென்சிலால் எழுதி வைக்கிறேன். முதல் எண் 148. இந்தச் சித்திரையில் 131. எப்போது 75-க்குக் கீழே போகிறதோ அன்றைக்குப் புதுச் செல்.